அறுபது மில்லிகிராம் குறைவு

மருந்துக்கடைக்காரர்கள் யாராவது உங்களுக்கு உறவா? இல்லையே? வீட்டில் மருந்துக் கம்பெனி ரெப் யாரும் இல்லையே? சரி. அப்படியானால் உட்காருங்கள். அந்த ஓரம் ஆடும். இந்தப் பக்கம் வாருங்கள்.

விசாரித்துவிட்டு உட்கார வைக்கிறானே கிழவன் என்று நினைக்காதீர்கள். நாலு நாளாக இந்த வராண்டாவில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. முந்தாநாள் வாட்ச்மேனிடம் குடிக்கிற தண்ணீர் எங்கே என்று கேட்டேன். கால் மணி கழித்து நர்ஸ் வருகிறாள். "தாத்தா, தண்ணி கேட்டீங்களாமே, யாருக்கு?" என்கிறாள். தண்ணீர் யாருக்குக் கேட்பார்கள்? பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே எப்படி என்று.

உங்கள் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஏழாம் நம்பர் படுக்கை. நர்ஸ் சத்தமாகப் பேசினாள், காதில் விழுந்தது. எட்டாம் நம்பர் என் சம்சாரம். சம்பூரணம்.

என் பெயர் துரைக்கண்ணு. சேதராப்பட்டில் மாத்திரைக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் மெஷின் ஆபரேட்டர். உங்கள் வீட்டு டப்பாவில் இருக்கிற மாத்திரையில் பாதி என் கைவழியாகப் போயிருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. மாத்திரை என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதற்குச் சொல்கிறேன்.

மாத்திரை என்றால் மாவு. அவ்வளவுதான். மருந்து ஒரு சிட்டிகை. மீதி சோள மாவு, பால் சர்க்கரை, சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைப் பொடி, உதிராமல் இருக்கக் கொஞ்சம் பசை, அச்சில் ஒட்டாமல் இருக்க வழவழவென்று ஒரு தூள். எல்லாவற்றையும் கலந்து மேலே கொட்டினால் கீழே மாத்திரையாக விழும். மாவுக்கு வேலை கிடையாது. சும்மா கூட வருவது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் ஒரு பஸ் நிறைய வருகிறார்களே, அந்த மாதிரி. பெண் ஒருத்திதான். மற்றதெல்லாம் சாப்பிட வந்தது.

என் வேலை எடை. அரை மணிக்கு ஒரு தடவை மெஷினிலிருந்து இருபது மாத்திரை எடுத்துத் தராசில் வைக்கணும். ஏறினாலும் நிறுத்தணும், இறங்கினாலும் நிறுத்தணும். முப்பத்தோரு வருஷத்தில் என் மெஷினில் எடை தப்பியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நான் லீவில் இருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் வளவளவென்று பேசப் பிடிக்காது.

சம்பூரணத்துக்கு வலிப்பு. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முதல் தடவை வந்தபோது அடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறாள். நான் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், தரையில் கிடக்கிறாள், பக்கத்தில் பால் பாத்திரம் உருண்டு கிடக்கிறது. வலது கை முழங்கை வரைக்கும் தோல் வழன்று... விடுங்கள். அந்தக் கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம் மாத்திரை. மூன்று வேளை, வேளைக்கு ஒன்று, நூறு மில்லி. மில்லி என்றால் மில்லிகிராம், கம்பெனியில் அப்படித்தான் சொல்வோம். ஒரே கம்பெனி மாத்திரை. ஒரே அட்டை. அந்த அடுப்படிக்கு அப்புறம் ஒரு வலிப்பு கிடையாது.

இந்த ஆடியில் மாறியது.

மருந்து வாங்கி வருவது மருமகள். ஹேமலதா. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். வருகிற வழியில் கடை. ஒருநாள் வேறு அட்டையோடு வருகிறாள்.

"மாமா, அத்தையோட மாத்திரை ஸ்டாக் வரலையாம். இது அதே மருந்துதான். கம்பெனி வேற."

"யாரு சொன்னது?"

"கடையில சொன்னாங்க."

"கடைக்காரனா?"

"அட்டையில போட்டிருக்கு பாருங்க மாமா. நூறுன்னு."

"அட்டையில யாரு வேணா எழுதலாம்."

"உங்க கம்பெனி அட்டையிலயும் யாரோதானே எழுதினாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். வாய் அந்த மாதிரி. வந்த புதிதில் இப்படி இல்லை.

நான் மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கை சொல்லிவிட்டது. இலேசு. பார்வைக்கே சின்னது. சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்து நாள் போயிருக்கும். சம்பூரணம் வாசலில் நின்றுகொண்டு, "என்னங்க, படி ரெண்டாத் தெரியுது" என்றாள்.

"எதுல மிதிக்கிற?"

"நடுவுல."

அன்றைக்குச் சிரித்துவிட்டோம். மறுநாள் எனக்குக் குழம்பு ஊற்றினாள், தட்டுக்கு வெளியே விழுந்தது. அதற்கு மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சு குழறியது. எனக்குப் புரிந்துவிட்டது. மருந்து பத்தவில்லை. வலிப்பு பக்கத்தில் வந்து நிற்கிறது. எந்த நேரமும் விழுவாள். அடுப்படிக்குப் போகாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போகாதே என்றால் போகாதே.

என் மச்சான் மகன் கொலுசுக்கடை வைத்திருக்கிறான். அவனிடம் போய்ச் சின்னத் தராசு வாங்கி வந்தேன். பேட்டரி போட்டது. "மாமா, மோதிரம் எடுத்திருக்கீங்களா, யாருக்கு?" என்று கண்ணடித்தான். வயசு வித்தியாசம் தெரியாத பயல்.

பழைய அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருந்தது. வைத்தேன். நாலும் சேர்ந்து ஒரு கிராம் நாற்பது மில்லி. அப்படியானால் ஒன்று இருநூற்று அறுபது. புதுசில் இருபது வைத்தேன். முறைப்படி இருபது. நாலு கிராம். ஒன்று இருநூறு.

அறுபது மில்லி குறைவு.

உங்களுக்கு இது பெரிசாகத் தெரியாது. கம்பெனியில் அறுபது குறைந்தால் மெஷினை நிறுத்தி, டிரம்முக்குச் சீல் வைத்து, மேனேஜர் வரைக்கும் போகும். இங்கே ஒருத்தி சிரித்துக்கொண்டே வாங்கி வந்து கொடுக்கிறாள், இன்னொருத்தி முழுங்குகிறாள்.

மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குமரவேல். ஒரே பிள்ளை.

"அப்பா, ரெண்டுலயும் மருந்து நூறுதான். மீதி மாவுல வித்தியாசம் இருக்கும்."

"நூறுன்னு நீ பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எடை பாத்தேன்."

"எடை பாத்தா மருந்து தெரியுமாப்பா?"

படித்தவன். தெரியுமா என்று என்னைக் கேட்கிறான். தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இந்த வீட்டில் பேசிப் பிரயோஜனம் இல்லை.

என்ன செய்தேன் தெரியுமா? யாரையும் கேட்கவில்லை. பிளேடால் ஒரு மாத்திரையை மூன்றாக வெட்டினேன். ஒரு துண்டு அறுபத்தைந்து, அறுபத்தேழு வரும். நடுத்துண்டு கொஞ்சம் பெருசு, அது ராத்திரி வேளைக்கு. வேளைக்கு ஒரு முழு மாத்திரை ஹேமா கொடுப்பாள், நடு வேளையைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும். அவள் நகர்ந்ததும் ஒரு துண்டு நான். குறைந்ததை நிரப்பினேன். கேட்டுக்கொள்ளுங்கள், அதிகம் கொடுக்கவில்லை. குறைந்ததை நிரப்பினேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

"இது என்னங்க துண்டு?" என்றாள் சம்பூரணம்.

"சத்து மாத்திரை."

முழுங்கினாள். என் கையிலிருந்து எதையும் வேண்டாம் என்று சொன்னவள் இல்லை. நாற்பத்து மூன்று வருஷம்.

அதற்கப்புறம்தான் வீட்டில் வேடிக்கை. வெள்ளிக்கிழமை வரைக்கும் வரவேண்டிய அட்டை வியாழக்கிழமையே காலி. ஹேமா டப்பாவைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்க்கிறாள். குமரவேல் அவன் அம்மாவிடம், "மறந்துட்டு ரெண்டு தடவை போட்டுக்கிறியாம்மா?" என்றான். அவள் இல்லை என்றாள். பெண்டாட்டியிடம் திரும்பினான். "நீ பாத்துக் குடுக்கறதில்லையா?" அவள், "நான்தாங்க கையில வச்சுக் குடுக்கறேன்" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பார்க்கிறேன், மருந்து டப்பாவை எடுத்து அவள் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி இடுப்பில்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் உறுதியானது. மடியில் கனமில்லை என்றால் பூட்டு எதற்கு? சொல்லுங்கள். இத்தனை நாள் அலமாரியில் திறந்து கிடந்த டப்பா.

நான் விடவில்லை. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வேறு ஊர்க் கடைக்குப் போனேன். பழைய கம்பெனி மாத்திரை கேட்டேன். அவனும் வரவில்லை என்றான். நாலு கடை. நாலு பேரும் அதையே சொன்னார்கள். ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்கொள்வார்களோ என்னவோ. கடைசியில் அதே புதுசில் ஒரு அட்டை வாங்கி என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் துண்டு கொடுக்க ஆரம்பித்து ஒரு வாரம். தேறியிருக்கணும். தேறவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கண் இரண்டும் பக்கவாட்டில் துடிக்கிறது. உட்கார்ந்தால் சாய்கிறாள். கம்பெனிக்காரன் நான் நினைத்ததை விட இன்னும் மோசமாகச் சுரண்டியிருக்கிறான் என்று நினைத்தேன். இருநூறிலும் பாதி வெறும் மாவாக இருக்கும். இன்னும் ஒரு துண்டு கூட்டலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் துணி துவைக்கிற கல்லின் மேல் விழுந்துவிட்டாள். நெற்றியில் தையல் அதனால்தான். வலிப்பு இல்லை, சும்மா விழுந்தாள். அதைக் கவனியுங்கள். வலிப்பு வரவில்லை. என் துண்டு தடுத்தது.

இங்கே கொண்டுவந்தோம். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் அந்த டாக்டர் பொண்ணு, நஸ்ரின், எங்கள் மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டது.

"பாட்டிக்கு வலிப்பு மருந்து ரத்தத்துல அதிகமா இருக்கு. இருக்க வேண்டியதுல ரெண்டு மடங்கு. அந்தத் தள்ளாட்டம், குழறல் எல்லாம் அதாலதான்."

நான் கேட்டேன், "அது எட்டாம் நம்பர் ரத்தம்தானா?"

"அவங்களோடதுதான் ஐயா."

"ரெண்டு பேர் ரத்தம் மாறியிருந்தா?"

கோபப்படவில்லை. கோபப்படாதவர்களை நம்பக் கூடாது. பொறுமையாகக் கேட்டது, சமீபத்தில் மாத்திரை மாறியதா என்று. ஹேமா சொன்னாள். அந்தப் பொண்ணு தலையாட்டியது. சரியாக மாட்டினார்கள், இப்போது கடைக்காரனைத் திட்டப் போகிறது என்று நினைத்தேன். அது என்ன சொன்னது தெரியுமா?

"ரெண்டு கம்பெனியிலயும் மருந்து அதே நூறுதான். ஆனா கூட இருக்கிற மாவு வேற. பழசுல இருந்த பொடி மருந்தைக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும். முழுசும் குடலுக்குள்ள போகாது, கொஞ்சம் வெளியே போயிடும். அந்த அளவுக்குத்தான் பாட்டி உடம்பு இத்தனை வருஷம் பழகியிருக்கு. புதுசுல இருக்கிறது பால் சர்க்கரை. அது உடனே கரைஞ்சு மருந்தை விட்டுடும். குடல் அதிகமா எடுத்துக்கும். மத்த மருந்தா இருந்தா பரவாயில்லை. இந்த மருந்து கொஞ்சம் கூடினாலே ரத்தத்துல சட்டுனு எகிறும்."

"மாவா?" என்றேன்.

"ஆமா ஐயா. மாவுதான்."

"அம்மாடி, நான் முப்பத்தோரு வருஷம் அந்த மாவை மூஞ்சியில பூசிக்கிட்டு வீட்டுக்குப் போனவன். மாவுக்கு ஒரு வேலையும் கிடையாது."

"மாத்திரைக்குள்ள அது சும்மா இருக்கும் ஐயா. வயித்துக்குள்ள சும்மா இருக்காது."

என்ன பேச்சு பாருங்கள். இந்த வயசில் எனக்கு.

பிறகு அது எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தது. "ஆனா மாத்திரை மாறினதால மட்டும் இவ்வளவு ஏறியிருக்காது. யாராவது கூடக் குடுத்தீங்களா? தெரியாமக் குடுத்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லிடுங்க."

குமரவேல் பெண்டாட்டியைப் பார்த்தான். பெண்டாட்டி தரையைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். கூடக் கொடுத்தீர்களா என்றுதானே கேட்டது? நான் கூடக் கொடுக்கவில்லை. குறைந்ததை நிரப்பினேன். அதனால் அந்தக் கேள்வி எனக்கு இல்லை.

மருந்தை நிறுத்திவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். வலிப்புக்காரிக்கு வலிப்பு மருந்தை நிறுத்துவது. நாங்கள் பார்த்துக்கொள்வோம், இறங்கினதும் மறுபடி குறைத்துக் கொடுப்போம் என்கிறார்கள். இவர்கள் அடுப்படியைப் பார்த்தார்களா? அந்தப் பால் பாத்திரத்தை இவர்கள் எடுத்து நிமிர்த்தினார்களா? நான் எடுத்தேன்.

அதனால் முந்தாநாளிலிருந்து நான் கொடுத்தேன். இங்கேயே. நர்ஸ் டிபன் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து. முழு மாத்திரை இல்லை. துண்டு. சும்மா இருப்பதற்கு ஏதாவது உள்ளே போகட்டும் என்று.

நேற்று மாலை மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இன்று காலை ரிசல்ட். இறங்கவில்லை. ஏறியிருக்கிறதாம்.

அந்தப் பொண்ணு முகம் மாறிவிட்டது. "நிறுத்தின மருந்து எப்படிங்க ஏறும்?" என்று குமரவேலைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டது. நான் கதவுப் பக்கம் நின்றேன். இன்னும் ஏறினால் நினைவு தப்பிவிடும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றணும், அதற்கப்புறம் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றது. அதற்கப்புறம், "ஆஸ்பத்திரிக்குள்ள வந்து யாரோ குடுக்கறாங்க. யார்னு நீங்க கண்டுபிடிங்க, இல்லேன்னா நான் போலீஸுக்கு எழுத வேண்டியிருக்கும்" என்றது.

குமரவேல் வெளியே வந்தான். ஹேமாவின் கைப்பையை வாங்கி இந்தப் பெஞ்சில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், கொட்டினான். சீப்பு, பஸ் டிக்கெட், சாக்பீஸ் ஒரு துண்டு, பீரோ சாவி. மாத்திரை இல்லை. இல்லை என்றதும் கோபம் அதிகமாகிவிட்டது அவனுக்கு. "நீ இனிமே இங்க வராத. வீட்லயே இரு" என்றான். "உங்க அம்மாவுக்கு நான் ஏங்க..." என்று ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். சாக்பீஸ் உருண்டு என் காலடியில் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். "தாங்க்ஸ் மாமா" என்றாள்.

மத்தியானம் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வாட்ச்மேனிடம் சாப்பாட்டுக் கூடையைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் ஒரு அரை மணி நின்றாள். பாவமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பீரோவை எதற்குப் பூட்டினாள்?

என்ன? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஒன்று சொல்கிறேன். சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ. கம்பெனியில் பிலோமினா என்று ஒருத்தி. டெஸ்டிங் லேபில் இருந்தாள். கண்ணாடி ஜாடியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர், உள்ளே ஒரு துடுப்பு சுற்றும், மாத்திரையைப் போட்டால் எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்ப்பாள். ஒரு தடவை என் மெஷினில் ஓடிய சரக்கை மொத்தமாக நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் உற்பத்தி. நான் சண்டைக்குப் போனேன். எடைப் புத்தகத்தை மேஜையில் போட்டேன். "எடை சரி. அரை மணிக்கு அரை மணி பாத்திருக்கேன். என்ன குறை?" என்றேன்.

ஜாடியைக் காட்டினாள். ஒரு மணி நேரமாகத் துடுப்பு சுற்றுகிறது. மாத்திரை அடியில் புளியங்கொட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்த வழவழத் தூள் இருக்கிறதே, அதைக் கலக்கிற இடத்தில் ரொம்ப நேரம் ஓட்டிவிட்டார்களாம். மருந்தைச் சுற்றி மெழுகு மாதிரி பூசிக்கொண்டுவிட்டதாம்.

"அண்ணே, வயிறு எடை பாத்து வாங்கிக்காது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் அவள் பக்கம். மொத்தத்தையும் உடைத்துக் கொட்டச் சொன்னார்கள். அதற்கப்புறம் அவளிடம் நான் பேசவில்லை. ரிட்டயர்மென்ட் அன்றைக்கு மாலை போட வந்தாள், அப்போதும் பேசவில்லை. இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் வரும்போது அவள் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. வயசானால் வேண்டாததெல்லாம் வரும்.

சரி. உங்களை எதற்குக் கூப்பிட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

இன்று காலை துண்டை வாயருகே கொண்டுபோனேன். சம்பூரணம் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். தூக்கத்தில் இருக்கிறாளோ என்று தோளைத் தட்டினேன். கண் திறந்துதான் இருக்கிறது. என்னைப் பார்க்கிறாள். அந்தக் கண் ஒரு இடத்தில் நிற்காது, ஆனாலும் என்னைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

"சத்து மாத்திரை" என்றேன்.

நாக்கு புரளவில்லை. மெல்ல மெல்லச் சொன்னாள். "ஹேமாவக் கேட்டுட்டுக் குடுங்க."

நாற்பத்து மூன்று வருஷம். நான் அவளைக் கேட்டுவிட்டுக் கொடுக்கணுமாம்.

யாரோ அவள் மனசைக் கெடுத்துவிட்டார்கள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கு வெளியே நின்றாலும் கைகாரிதான். இல்லை, அவளுக்கே தெரிந்திருக்குமோ? சத்து மாத்திரை இல்லை என்று முதல் நாளே தெரிந்து, நான் கொடுக்கிறேனே என்று முழுங்கிக்கொண்டிருந்தாளோ? அப்படியென்றால் இப்போது ஏன் வேண்டாம் என்கிறாள்? அதை நினைத்தால் எங்கேயோ போகிறது. நினைக்க வேண்டாம்.

மத்தியானம் நீங்கள் உங்கள் அக்காவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, மிச்சத்தில் நாலு ஸ்பூன் சம்பூரணத்துக்கும் கொடுத்தீர்கள். குடித்தாள். சத்தமில்லாமல் குடித்தாள். வாசலில் நின்று பார்த்தேன். உங்கள் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

இந்தாருங்கள். இந்தக் காகிதத்தில் இரண்டு துண்டு இருக்கிறது. ஒன்று இப்போது, ஒன்று ராத்திரி. உங்கள் கையால் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கஞ்சியில் போட்டுவிடுங்கள், தெரியாது.

யோசிக்காதீர்கள். அறுபது மில்லிதான். குறைந்ததை நிரப்புகிறோம்.

வாங்கிக்கொண்டீர்களா. நல்லது. நல்ல மனசு உங்களுக்கு. வலது கன்னத்துப் பக்கமாக ஊட்டுங்கள், இடது பக்கம் அவளுக்குப் பல் இல்லை. தலையணையைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள், புரை ஏறும். மெல்ல. அவசரப்படுத்தினால் அவளுக்குப் பிடிக்காது.

அம்மா. வார்டு இந்தப் பக்கம்.

அம்மா, அது டாக்டர் அறை. நீங்களும் அவர்கள் ஆள்தானா? நான் முதலிலேயே கேட்டேனே.

கதவைத் தட்டாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு எழுந்திருக்க நேரமாகும், இந்த முட்டி...

தட்டிவிட்டீர்களா.

சரி. தட்டியாகிவிட்டது என்றால் ஒழுங்காகச் சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். அந்தப் பொண்ணு எழுதிக்கொள்ளும், எழுதுவது சரியாக இருக்கணும். வீட்டில் எட்டு நாள், நாளைக்கு மூன்று துண்டு. இங்கே முந்தாநாள் மூன்று. நேற்று மூன்று. ஹேமா கொடுக்கவில்லை. நான்.

இன்று ஒன்றும் இல்லை. வாயைத் திறக்கவில்லை.